பழைய பைக் புகைச் சோதனையில் விழுந்தால் எங்கிருந்து பார்ப்பது

பஸ்ஸுக்கும் லொறிக்கும் வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நமது சாதாரண மோட்டார் சைக்கிளுக்கு அது இல்லை. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்தால் வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். ஆகவே கொழும்பில் ஒரு பழைய பைக் வீதியில் ஓடலாமா கூடாதா என்று யாராவது கருவி வைத்துப் பார்க்கும் ஒரே இடம் புகைச் சோதனை நிலையம்தான். 2008இலிருந்து இந்த ஏற்பாடு நடக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. மறுபடி கதவு திறந்தது 2025இல். இடைப்பட்ட காலத்தில் கைக்குக் கை மாறிய டிஸ்கவர், பல்சர், ஸ்ப்ளெண்டர், பிளட்டினா எல்லாம் இப்போது நன்றாக வயதேறிப் போயிருக்கின்றன. கராஜுக்கு "ஃபெயில்" சீட்டோடு வருபவை பெரும்பாலும் இவைதான். வயதைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. ஒழுங்காக ஒயில் மாற்றி, பில்டர் பார்த்து ஓட்டிய பன்னிரண்டு வருட ஸ்ப்ளெண்டர் சத்தமில்லாமல் பாஸாகும். பாதி வயதுப் பைக் விழும். விழுவதற்குக் காரணம் அனேகமாக மலிவானது. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், பொக்கெட்டைக் கடிப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். பில்டரைப் பார்க்காமல், எஞ்சினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றியவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

## எதையும் கழற்றும் முன்: சீட்டு

"ஃபெயில்" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துப் பொக்கெட்டில் போடாதீர்கள். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று சிஓ, அதாவது காபனோரொட்சைட்டு. நூற்று வீதத்தில் இருக்கும். மற்றது எச்.சி., எரியாமல் வெளியே போன பெற்றோல், பி.பி.எம். அளவில் இருக்கும். பக்கத்திலேயே உச்ச அளவு அச்சாகியிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கான உச்ச அளவு காருக்குரியது அல்ல. நண்பரின் கார் சீட்டோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

சிஓ மட்டும் கூட என்றால் பெற்றோல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை. எச்.சி. மட்டும் கூட என்றால் உள்ளே போன பெற்றோல் ஒழுங்காகப் பற்றவில்லை. இரண்டும் கூட என்றால் பெரும்பாலும் முதலாவதுதான் இரண்டாவதையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கும். இந்தப் பிரிப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

## பைக் நன்றாக ஓடுகிறது, ஆனாலும் ஃபெயில்

எஞ்சின் சூடாக இருந்ததா? வெள்ளவத்தையில் வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணி, இரண்டு சந்தி தாண்டி நிலையத்துக்குள் நுழைந்தால் எஞ்சின் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். வரிசையில் நிறுத்தி அணைத்து, முக்கால் மணி நேரம் காத்திருந்தாலும் அதே கதை. குளிர்ந்த எஞ்சின் சிஓ, எச்.சி. இரண்டையும் கூட்டிக் காட்டும். சைலன்சருக்குள் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி இருக்கும் பைக்கில் அது சூடேறும்வரை வேலையே செய்யாது. பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவிட்டுப் போங்கள். முறை வரும் நேரத்தில் எஞ்சினை ஓடவிட்டு வையுங்கள்.

அடுத்தது ஒயில். கறுத்து, பெற்றோல் மணம் அடிக்கும் ஒயிலிலிருந்து எழும் ஆவி, எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியாக எயார் பில்டர் பெட்டிக்குள் போய் எஞ்சினுக்குள்ளேயே திரும்பும். அதுவும் சீட்டிலுள்ள எண்களைக் கூட்டும். ஒயில் மாற்ற நாள் நெருங்கியிருந்தால் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது பெற்றோல். மாதக்கணக்கில் நின்ற பைக்கின் டாங்கியில் இருப்பது பெற்றோலின் மிச்சம்தான். வடித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

இந்த மூன்றையும் செய்து மறுபடி விழுந்தால் மட்டும் கீழே வாருங்கள்.

## சிஓ கூட: கறுப்புப் புகை, பெற்றோல் மணம், பிளக்கில் கரி

எயார் பில்டர். கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். கடதாசி வகையில் வெளிச்சம் ஊடுருவாவிட்டால் புதிதாகப் போடுங்கள், ஊதிக் காலம் தள்ள வேண்டாம். ஸ்பொஞ்ச் வகையைக் கழுவலாம். அது உதிரத் தொடங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பேஸ்லைன் வீதியில் தினமும் லொறிப் புகைக்குள் ஓடும் பைக்கின் பில்டர், புத்தகத்தில் சொன்ன காலம்வரை தாங்காது.

சோக். நெம்புகோல் மேலே வந்துவிட்டது என்பதால் சோக் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கேபிள் வகையில் கேபிள் உள்ளே துருப்பிடித்துப் பாதியில் நிற்கும். காபரேட்டர் பக்கம் குனிந்து, உண்மையில் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

காபரேட்டர் வழிதல். பைக்கை நேராக நிறுத்தி, பெற்றோல் டெப்பைத் திறந்து, கீழே தொங்கும் சிறிய குழாயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சொட்டினால் உள்ளே பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் ஊசி தேய்ந்திருக்கிறது அல்லது அதன் வாயில் தூசி நிற்கிறது. ஊசி மலிவு. டாங்கிக்குள் துரு இருந்தால் அதைக் கழுவாமல் புது ஊசி போட்டுப் பலனில்லை. அடுத்த மாதம் அதே சொட்டு.

மிக்ஸர் ஸ்க்ரூ. இங்கேதான் அதிகம் பேர் பைக்கைக் கெடுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காபரேட்டரில் இரண்டு திருகுகள் உண்டு. பெரியது ஐட்லிங் வேகத்துக்கு, அதாவது அக்ஸிலேட்டரைத் திருப்பாமல் எஞ்சின் ஓடும் வேகத்துக்கு. சிறியதுதான் பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸர். அந்தச் சிறியது எயார் பில்டர் பக்கமாக இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருப்பினால் காற்று கூடும், சிஓ இறங்கும். எஞ்சின் பக்கமாக இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துவது: வெளியே திருப்பினால் பெற்றோல் கூடும், சிஓ ஏறும். எந்தப் பக்கம் என்று பார்க்காமல் "அரைச் சுற்று வெளியே எடு" என்று போனில் சொல்லும் நண்பரை நம்பாதீர்கள்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். இப்போது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மெதுவாக உள்ளே திருப்பி எண்ணி எழுதிவையுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் கூர்முனையும் அதன் இருக்கையும் போய்விடும். பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, கால் சுற்று கால் சுற்றாக மாற்றி, ஐட்லிங் வேகம் அதிகமாக எழும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு பெரிய திருகால் வேகத்தைக் கையேட்டு அளவுக்கு இறக்குங்கள். பெரும்பாலான சின்ன பைக்குகள் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்ட சுற்றில் ஒழுங்காக நிற்கும். நான்கு சுற்று எடுத்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் பிரச்சினை திருகில் இல்லை; ஐட்லிங்கில் பெற்றோல் விடும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடைக்கப்பட்ட எயார் குழாய். பல இந்திய பைக்குகளில் எயார் பில்டர் பெட்டியிலிருந்து சிலிண்டர் தலைக்கு ஒரு ரப்பர் குழாய் போகும். நடுவில் ஒரு சிறிய வால்வு. புகை வெளியேறும் வழிக்குள் கொஞ்சம் சுத்தமான காற்றை விட்டு, மிச்சப் பெற்றோலையும் சிஓவையும் அங்கேயே எரித்து முடிப்பது அதன் வேலை. வால்வு பழுதானால் அக்ஸிலேட்டரை விடும்போது சைலன்சரில் "டப் டப்" என்று வெடிக்கும். அந்தச் சத்தம் பிடிக்காத முன்னைய உரிமையாளர் குழாயைப் பிடுங்கிவிட்டு வாயில் ஒரு போல்ட்டைச் சொருகியிருப்பார். ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது, சோதனையில் மட்டும் தெரியும். டாங்கிக்குக் கீழே எட்டிப் பாருங்கள். போல்ட் தலை ஒன்று காரணமில்லாமல் குழாய்க்குள் நின்றால் ஆளைப் பிடித்தாயிற்று.

ஜெட்டும் ஊசியும். கடைசியாக இது. ஜெட்டில் அளவு எண் பொறித்திருக்கும். முன்பு யாராவது "இழுவைக்கு" என்று பெரிய ஜெட் போட்டிருக்கலாம். பஞ்சிகாவத்தையில் பழைய காபரேட்டர் தாராளமாகக் கிடைக்கும். உருவம் ஒன்றாக இருந்தாலும் ஜெட் உங்கள் மாடலுக்கானதா என்று எண்ணைப் பார்த்து வாங்குங்கள். காபரேட்டரை முழுதாகக் கழற்றிப் பழக்கமில்லாதவர் இந்த இடத்தில் மெக்கானிக்கிடம் போவதுதான் சரி.

## எச்.சி. கூட: விட்டு விட்டு ஓடுதல், ஐட்லிங்கில் உதறல்

பிளக். கழற்றிப் பாருங்கள். கபிலநிறம் என்றால் நல்லது. கரி என்றால் மேலே உள்ள சிஓ பகுதிக்குப் போங்கள். ஈரமாக, எண்ணெய் பிசுபிசுப்போடு இருந்தால் நீலப் புகைப் பகுதிக்கு. முனை தேய்ந்து உருண்டிருந்தால் மாற்றுங்கள். இடைவெளியைக் கையேட்டின்படி வையுங்கள். பல சின்ன பைக்குகளில் 0.7, 0.8 மி.மீ. அளவில் வரும்.

பஜாஜ் என்றால் இரண்டாவது பிளக். டிடிஎஸ்-ஐ என்று எழுதிய டிஸ்கவர், பல்சரில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். ஒன்று செத்தாலும் பைக் ஓடும், அதனால் உரிமையாளருக்குத் தெரியாது. கையெட்டும் பிளக்கை மட்டும் வருடா வருடம் மாற்றி, மறுபக்கத்துப் பிளக்கை வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் உண்டு.

"அண்ணே, போன மாசம்தான் பிளக் மாத்தினேன்."

"ரெண்டும் மாத்தினீங்களா தம்பி?"

"ரெண்டா?"

பார்க்கும் விதம்: எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பக்கத்து கெப்பைக் கழற்றுங்கள். அந்தக் கெப்பில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி, அதன் உலோகம் எஞ்சினில் படும்படி வையுங்கள். ஸ்டார்ட் பண்ணுங்கள். பிறகு அணைத்து, மற்றப் பக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். எந்தப் பக்கம் தனியாக ஸ்டார்ட் ஆகவில்லையோ அந்தப் பக்கத்தில்தான் கோளாறு: பிளக், கெப் அல்லது கொயில். எஞ்சின் ஓடும்போது கெப்பைக் கையால் பிடுங்க வேண்டாம், உதறிப் போட்டுவிடும்.

கெப்பும் வயரும். மழைக்காலத்தில் மட்டும் விட்டு விட்டு ஓடினால் இதைச் சந்தேகியுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த வயரிலிருந்து நீலப் பொறி பறப்பது தெரியும்.

காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர். இது வெடித்தால் திருட்டுக் காற்று உள்ளே போகும். கலவை மெலிந்து, அதாவது காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லாமல், பற்றாமல் போய் எச்.சி. ஏறும், சிஓ தாழ்வாகவே இருக்கும். விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாய் திறக்கும். தெரியவில்லை என்றால் ஐட்லிங்கில் ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எஞ்சின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் காபரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்தில் அது நெருப்புக்கு அழைப்பு, வேண்டாம்.

வால்வு இடைவெளி. இறுகிய வால்வு முழுதாக மூடாது. குளிர்ந்த எஞ்சினில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து, உங்கள் மாடலின் அளவுக்கு வைக்க வேண்டும். கேஜ் இல்லாமல் கைப்பழக்கத்தில் வைக்கும் கராஜை விட்டு விலகுங்கள். கூலி பெரிதில்லை, ஆனால் தவறினால் வால்வு எரியும்.

இதற்குப் பிறகும் எச்.சி. இறங்கவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், அளக்க வேண்டும். அது கராஜ் வேலை.

## டியூன் பண்ணிப் பாஸாக்கித் தருகிறேன் என்கிறார்கள்

சோதனைக்கு முன் கலவையை அளவுக்கு மீறி மெலிதாக்கி, ஐட்லிங்கைத் தூக்கிவிட்டு, சான்றிதழ் கையில் கிடைத்ததும் பழையபடி திருப்பிவிடும் வேலை இது. சிஓ எண் விழும் என்பது உண்மைதான். திருப்பாமலே விட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். திருப்பிவிட்டால் அடுத்த வருடம் அதே வரிசை, அதே காசு. நடுவில் அடைத்த பில்டர் அப்படியே கிடந்து பெற்றோலைக் குடிக்கும். ஒரு பில்டரின் விலையையும் ஒரு மாதத்துப் பெற்றோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கணக்கு தானாகப் புரியும்.

## சோதிக்க முடியாது என்று திருப்பி அனுப்பினால், அல்லது எண் விசித்திரமாக இருந்தால்

சைலன்சரில் ஓட்டை. வெளிக்காற்று உள்ளே கலந்தால் அளவு பொய்யாகும். வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கரையோரமாக வாழும் பைக்குகளின் சைலன்சரை உப்புக்காற்று அடிப்பக்கமாகத் தின்னும். மேலே குரோம் மின்னும், கீழே ஓட்டை. எஞ்சின் ஓடும்போது தடித்த ஈரத்துணியால் வாயை ஒரு நொடி அடையுங்கள். எங்காவது "புஸ்" என்றால் அங்கே பாருங்கள். சிலிண்டரோடு சேரும் இடத்தில் என்றால் கெஸ்கட் மாற்றினால் போதும், சில்லறை வேலை. உடலில் சின்ன ஓட்டை என்றால் வெல்டிங். விரல் வைத்து அழுத்தினால் தகடு உள்ளே போகிறது என்றால் வெல்டிங் நிற்காது, புது சைலன்சர்தான். சத்தத்துக்காக மாற்றிய சைலன்சரில் பெரும்பாலும் வினையூக்கி இருக்காது. அதைக் கழற்றிவிட்டுக் கம்பனி சைலன்சரை மாட்டுங்கள். வீதியில் பொலிஸ் மறிப்பதும் குறையும்.

## நீலப் புகை

ஒயில் எரிகிறது. ஆனால் உடனே ரிங் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். கூடுதலாக ஊற்றியிருந்தால் மூச்சுக்குழாய் வழியாக பில்டர் பெட்டிக்குள் போய் எரியும். பெட்டியைத் திறந்து அடியில் ஒயில் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தேங்கியிருந்தால் துடைத்து, அளவைச் சரிசெய்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

அளவு சரி என்றால் புகை எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு பொதி வந்து மறைந்தால் வால்வு வழியாக ஒயில் இறங்காமல் தடுக்கும் சீல். களனிப் பாலத்தில் அக்ஸிலேட்டரை விட்டபடி இறங்கி, மறுபடி திருப்பும்போது பின்னால் ஒரு பொதி கிளம்பினாலும் அதுவே. ஆளை ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது விடாமல் வந்தால் ரிங் அல்லது சிலிண்டர்.

உறுதிப்படுத்த, கராஜில் கம்ப்ரஷன் அளந்துவிட்டு, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு பக்கம். இந்தச் சோதனையைச் செய்யாமல் "எஞ்சினைப் பிரிக்கணும்" என்பவரிடம் பைக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

ரிங் என்றால் சிலிண்டரையும் அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் லேத்தில் போர் பண்ணி, அதாவது உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவார்கள். உள்பூச்சுப் பூசிய சிலிண்டர்களைப் போர் பண்ண முடியாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். உங்கள் மாடல் எது என்று பிரிக்கும் முன்பே கேளுங்கள்.

## வெள்ளைப் புகை

காலையில் வந்து சூடானதும் மறைந்தால் ஈரம்தான், விட்டுவிடுங்கள். வெள்ளம் நின்ற வீதியில் ஓட்டிய பிறகு வந்து, ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.

## ஐட்லிங் நிற்கவில்லை

சோதனையின்போது எஞ்சின் சீராக நிற்க வேண்டும். ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். வேகம் மாறினால் அக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கம். கொஞ்சம் தளர்த்தினால் போதும். ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் மேலே சொன்ன ரப்பர் அல்லது ஸ்லோ ஜெட். சூடானதும் அணைந்துவிட்டால் வால்வு இடைவெளியைப் பாருங்கள்.

## இன்ஜெக்ஷன் பைக்

காபரேட்டர் இல்லாத இந்தப் பைக்கில் திருக ஒன்றும் இல்லை, திருகவும் வேண்டாம். பில்டர், பிளக், ஒயில், சைலன்சர் ஓட்டை: இந்த நான்கையும் நீங்களே பாருங்கள். மீற்றரில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதோடு சோதனைக்குப் போக வேண்டாம். ஒட்சிசன் சென்சர், வெப்ப சென்சர் எல்லாம் ஸ்கேனர் வைத்திருப்பவருக்கான வேலை. சென்சரை ஊகத்தில் மாற்றினால் காசு கரையும்; முதலில் ஸ்கேனரில் கோளாறு கோட் எடுக்கச் சொல்லுங்கள்.

## இன்னும் வாங்கவில்லை என்றால்

விற்பவரிடம் கடைசிப் புகைச் சீட்டை மட்டும் கேட்காமல், இருந்தால் இரண்டு மூன்று வருடத்துச் சீட்டுகளையும் கேளுங்கள். எச்.சி. வருடா வருடம் ஏறிக்கொண்டு வந்து உச்ச அளவை நெருங்கியிருந்தால் எஞ்சின் மெதுவாகத் தேய்கிறது. போன வருடம் ஏறி இந்த வருடம் சடாரென விழுந்திருந்தால் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். பில் காட்டினால் நல்லது. "சும்மா டியூன் பண்ணினோம்" என்றால் மேலே சொன்ன கதைதான்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலைப் புகையை மறைத்தாயிற்று. இன்னொரு நாள் வருகிறேன் என்று எழும்பி வாருங்கள். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின், செஸி இலக்கங்களைப் பைக்கில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியும் பதிவில் திருத்தாத பைக்கை எடுத்தால், பெயர் மாற்றும்போது அலைச்சல் உங்களுக்குத்தான்.

முடிந்தால் முற்பணம் கொடுக்கும் முன்பே சோதனை நிலையத்தில் ஒருதரம் போட்டுப் பார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள், கட்டணத்தை நீங்களே கொடுங்கள். விழுந்தால் சீட்டை எடுத்து மேலேயுள்ள வரிசையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பில்டர், பிளக் என்றால் தயங்காமல் எடுக்கலாம். நீலப் புகை என்றால் ரிங், போர் செலவை ஒரு கராஜில் கேட்டு அதை விலையில் கழியுங்கள். கழிக்க மாட்டேன் என்றால் அடுத்த பைக்கைப் பாருங்கள்.